விழாத இரண்டு அடைப்புகள்

ஜூலை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைமீது ஒரு வங்கி எழுத்தர் தீப்பெட்டி ஒன்றை வைத்தார். அதற்குள் அவருடைய கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து கழன்ற அடைப்பு இருந்தது. பல்லில் வைத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஆறு வாரத்தில் அங்கே கழன்ற ஒன்பதாவது அடைப்பு அது.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு, அந்தத் தீப்பெட்டியோடும் எட்டுச் சின்னப் பொட்டலங்களோடும், அடைப்புகளை வைத்த இளம் பல் மருத்துவர் தன் மாடிவீட்டிலிருந்து இறங்கிவந்து கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார்.

கீழ்வீட்டுக்காரர் முப்பத்தோரு வருடம் காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் தீ விபத்துகளைப் பார்வையிட்டு, தீ எங்கே பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று எழுதிக்கொடுத்தவர். ஓய்வுபெற்று நான்கு வருடமாகியும் தெருவில் எல்லாருக்கும் அவர் சர்வேயர்தான். அந்த நேரத்தில் அவருடைய மனைவியின் தம்பியும் அங்கே இருந்தார். நகல் எடுக்கும் கடை வைத்திருப்பதால் ஜெராக்ஸ் என்று பெயர், வயது நாற்பத்தாறு. அத்தானைத் தேடி யாராவது சிக்கலோடு வந்தால் இவருக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவார்.

"சனிக்கிழமையோட என்னை நின்னுக்கச் சொல்லிட்டாரு சார், க்ளினிக் நடத்தற பெரிய டாக்டர்" என்றார் இளம் மருத்துவர். "இந்தத் தீப்பெட்டிக்காரர் டென்டல் கவுன்சிலுக்குப் புகார் எழுதி வெச்சிருக்கார். அதையும் சனிக்கிழமை தபால்ல போட்டுடுவாராம். போட்டுட்டா எந்த க்ளினிக்லயும் என்னை நம்பி ஒரு நாற்காலி தரமாட்டாங்க. ஆனா அதைவிட எனக்கு வேற பயம். நேத்து ஒரு பல்லைத் திறந்துட்டு, கை ஓடாம அஞ்சு நிமிஷம் சும்மா நின்னேன். என் கையை எனக்கே நம்ப முடியலை."

சர்வேயர் மேசைவிளக்கைப் போட்டு, பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"எப்படி வைப்பே? எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

"முதல்ல சொத்தையைச் சுரண்டி எடுப்பேன். அப்புறம் ஒரு நீல ஜெல். அது ஆசிட், பல்லைச் சொரசொரப்பாக்கும். கழுவிட்டு, காயவெச்சு, பசை தடவுவேன். பசையை ஊதி மெல்லிசாக்கி நீல வெளிச்சம் காட்டினா கெட்டியாகும். அதுக்கு மேலதான் காம்போசிட். பல்லு நிறத்துல குழைவா இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா வெச்சு, ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் காட்டணும்."

"வெளிச்சம் காட்டுற மெஷின் போயிருக்கும்!" என்றார் ஜெராக்ஸ். "பல்பு வீக். பொருள் வேகலை."

"கல்லு மாதிரி இருக்கு, மச்சான். வேணும்னா கடிச்சுப் பாரு."

"யாரு வாய்ல கிடந்ததோ, அத்தான்!"

மேல்பக்கம் அசல் பல்லைப் போல மேடும் பள்ளமுமாகச் செதுக்கியிருந்தது. சர்வேயர் அடிப்பக்கத்தைத் திருப்பினார். ஒன்பதும் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தன.

"அடியில ஒண்ணுமே இல்லையே?"

"அதான் சார். சரியாப் பிடிச்சிருந்தா பாதியில உடைஞ்சு வரும், இல்லேன்னா பல்லுல கொஞ்சம் பேத்துக்கிட்டு வரும். இது ஒட்டவே இல்லை. பெரிய டாக்டர், நான் வேலை செய்யறப்ப எச்சில் பட்டுடுதுன்னு சொல்றாரு. நான் பஞ்சு வெச்சு, எச்சில் இழுக்கற குழாய் வெச்சு, கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டேதான் செய்யறேன்."

"பசை கெட்டுப்போச்சு" என்றார் ஜெராக்ஸ்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஜூன் பத்தாம் தேதி புதுப் பாட்டில் உடைச்சேன். அதுக்கப்புறமும் விழுது."

"அப்போ யாரோ கலக்குறாங்க. நீங்க போயிட்டா அந்த நாற்காலியில யாரு உக்காருவாங்க டாக்டர்?"

மருத்துவர் தயங்கினார். "பெரிய டாக்டரோட மருமகன். இப்பத்தான் படிப்பு முடிச்சிருக்கார்."

ஜெராக்ஸ் நாற்காலியில் சாய்ந்து அத்தானை ஒரு பார்வை பார்த்தார். வழக்கு முடிந்துவிட்டது, இனிக் காப்பி வரலாம் என்ற பார்வை.

"அவர் போன வாரம்தான் ஊருக்கே வந்தார்" என்றார் மருத்துவர். "ஜூன் முழுக்கப் பரீட்சை, வேற ஊர்ல."

"ஒன்பது விழுந்துச்சு" என்றார் சர்வேயர். "விழாதது எத்தனை?"

மருத்துவர் தன் குறிப்பேட்டைத் திறந்தார். காலை வேளை மட்டும் வேலை பார்ப்பவர். வைத்த ஒவ்வொரு அடைப்பையும் எழுதி வைத்திருந்தார். மே இருபத்தேழு, திங்கட்கிழமைக்கு முன் இரண்டு வருடத்தில் வைத்தவற்றில் ஒன்றுகூடக் கழன்றதாகத் தகவல் இல்லை. அன்றிலிருந்து வைத்தவை பதினான்கு. ஐந்து பேர் திரும்பி வரவேயில்லை.

"அந்த அஞ்சு பேரையும் நாளைக்கு வரச்சொல்லு. எரிஞ்ச கடைக்குள்ள போனா எல்லாம் ஒரே கரியாத்தான் இருக்கும். எரியாம நிக்கிற அலமாரியைத்தான் நான் முதல்ல பாப்பேன்."

மறுநாள் காலை ஒன்பதரைக்குச் சர்வேயரும் ஜெராக்ஸும் மருத்துவமனைக்குப் போனார்கள். அடுத்தடுத்து இரண்டு அறைகள், அறைக்கு ஒரு நாற்காலி. பின்புறம் கம்பி போட்ட சின்ன பால்கனியில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து இரண்டு அறைகளுக்கும் காற்றைக் கொண்டுபோனது.

பெரிய டாக்டருக்கு அறுபத்தாறு வயது. ஒளிவு மறைவில்லாமல் பேசினார்.

"நல்ல பொண்ணு சார், நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா நாப்பது வருஷமா நான் வெள்ளி அடைக்கிறேன். இதே ரூமு, இதே தண்ணி, இதே மெஷினு. என்னோடது ஒண்ணு விழலையே! வெள்ளை அடைப்புக்கு எச்சில் ஆகாது. பொண்ணுக்கு அவசரம். வேற என்ன இருக்க முடியும்?"

"இங்கே பொருள் எதாவது மாத்துனீங்களா? ஆள், மின்சாரம், தண்ணித் தொட்டி?"

"ஒரு துரும்புகூட மாறலை. மாறினது ஒண்ணே ஒண்ணு, அதுவும் நல்லதுக்குத்தான். முன்னெல்லாம் அந்தக் கம்ப்ரசர் கழுத்தை அறுத்தமாதிரி கிறீச்சிடும். 'வாயைத் திற'ன்னு நான் கத்தினா பக்கத்து ரூமுக்காரன் திறப்பான். மெக்கானிக்குக்கு ரெண்டு மாசம் போன் பண்ணேன், வரவேயில்லை. தானா அடங்கிடுச்சு."

ஜெராக்ஸ் அதற்குச் சிரித்துவிட்டு, மருமகன் இருக்கிறாரா என்று எட்டிப்பார்த்தார். இல்லை. வேறு வழியில்லாமல், கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த உதவியாளரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். அவர் பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை பார்ப்பவர், சாவியும் அவரிடம்தான்.

"அக்கா, உங்க பல்லைப் பாத்தா விளம்பரத்துல வர்றமாதிரி இருக்கே!"

"டாக்டரம்மா வெச்சது தம்பி. முன்பல்லு ரெண்டும் பாதி உடைஞ்சு கறுத்துக் கிடந்துச்சு, கல்யாணத்துக்கு முந்தியே. மே இருபத்துநாலு, வெள்ளிக்கிழமை மத்தியானம், அவங்க வீட்டுக்குப் போற நேரத்துல என்னைப் பிடிச்சு உக்கார வெச்சாங்க." அவர் மறுபடி சிரித்தார். "எங்க வீட்டுக்காரரு தையல் மெஷின் ரிப்பேர் பாக்கறவரு. மறுநாள் பூரா, 'இன்னொரு தடவை சிரி, இன்னொரு தடவை சிரி'ன்னு ஒரே தொல்லை. வேலைக்கே போகலை மனுஷன்."

ஐந்து பேரும் பதினொரு மணிக்குள் வந்துவிட்டார்கள். மூன்று பேருடைய அடைப்பின் விளிம்பில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது; ஊசிமுனை பட்டதும் ஆடியது. மற்ற இரண்டும் பாறைபோல நின்றன. ஒன்று ஓர் இசை ஆசிரியைக்கு, மற்றது ஒரு லாரி ஓட்டுநருக்கு. சர்வேயர் அந்த இருவரையும் மட்டும் இருக்கச் சொன்னார்.

"எனக்குப் பல்லு கூச்சம்" என்றார் இசை ஆசிரியை. "காத்துப் பட்டா உயிரே போயிடும். முதல்லயே சொல்லிட்டேன். பாவம், பஞ்சால ஒத்தி ஒத்தி, ஒரு மணி நேரம் பொறுமையா பாத்தாங்க. வேற யாராவது இருந்தா என்னைத் திட்டியிருப்பாங்க."

"நான் ஊசி வேணாம்னுட்டேன், வண்டி எடுக்கணும்ல" என்றார் ஓட்டுநர். "குடைஞ்சதைக்கூடத் தாங்கிட்டேன். அப்புறம் காத்தடிக்கற குழாயைக் கொண்டுவந்தாங்க பாருங்க, கப்புனு அவங்க கையைப் பிடிச்சுட்டேன். மரியாதைக் குறைவுதான். 'விடுங்கண்ணே, பஞ்சு வெச்சுக்கறேன்'னாங்க."

"அப்போ பசையை எதை வெச்சு மெல்லிசாக்கினே?" என்று சர்வேயர் மருத்துவரைக் கேட்டார்.

"காய்ஞ்ச பிரஷ்ஷால மிச்சத்தை ஒத்தி எடுத்தேன் சார், ரெண்டு பேருக்குமே. அது தப்பான முறை இல்லை; நேரம் ஆகும், அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் ஜெராக்ஸ் அத்தானின் முழங்கையைப் பிடித்தார். "கவனிச்சீங்களா? ரெண்டு பேருக்கும் ஒட்டின கன்னம். எச்சில் கம்மி ஆளுங்க. பெரிய டாக்டர் சொன்னதுதான் சரி."

"மச்சான், நீ அந்த டீச்சர் பேசினப்ப கன்னத்தைத்தான் பாத்தியா?"

சர்வேயர் பால்கனிக்குப் போனார். ஓரத்தில் கிடந்த பழைய நாற்காலி, அட்டைப்பெட்டி, காலி ஜாடி எல்லாவற்றிலும் விரல் பதியும் அளவுக்குத் தூசி. கம்ப்ரசர் மட்டும் துடைத்துத் துலக்கியதுபோல இருந்தது; அதைச் சுற்றித் தரையும் பெருக்கியிருந்தது. காற்றை உள்ளே இழுக்கும் வாயின் மூடியைத் திருகி எடுத்தார். மூடிக்கடியில் மோதிர அளவில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று புதிதாக இருந்தது. இயந்திரத்தின் பின்புறம் சுவரோடு ஒட்டியிருந்ததால் மருத்துவரிடம் வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியை வாங்கி, சந்தில் நுழைத்துப் பார்த்தார். அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எழுத்து இடவலமாகத் தெரிந்ததால் இரண்டு முறை படித்தார்.

"சனிக்கிழமை ஒண்ணரை மணிக்கு எல்லாரையும் இருக்கச் சொல்லும்மா" என்றார். "அந்தத் தீப்பெட்டிக்காரரையும். அதுவரைக்கும் நீ ஒரு பல்லையும் அடைக்காதே."

சனிக்கிழமை, கடைசி நோயாளி போனபின், இளம் மருத்துவரின் அறையில் ஏழு பேர் கூடினார்கள். பெரிய டாக்டர் சுழலும் முக்காலியில் உட்கார்ந்தார். மருமகன், மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள இளைஞர், கதவோரம் நின்றார். ஜெராக்ஸ் கண்டிப்பான முகத்தோடு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வங்கி எழுத்தரின் சட்டைப்பையில் தபால்தலை ஒட்டிய உறை தெரிந்தது. உதவியாளர் கழுவுதொட்டியருகே இருந்தார்.

சர்வேயர் இரண்டு சிறு கண்ணாடித் துண்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ஒன்றைப் பஞ்சால் ஒற்றிக் காயவைத்தார். மற்றதை மருத்துவரிடம் கொடுத்து, காற்றுக்குழாயால் ஒரு நிமிடம் ஊதச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்.

முதல் கண்ணாடியில் தண்ணீர் பரவிப் படிந்தது. இரண்டாவதில் குண்டுமணிபோல உருண்டு நின்றது.

பெரிய டாக்டர் முக்காலியிலிருந்து எழுந்தார். கண்ணாடியை வாங்கி விரலால் தேய்த்து, விரலை முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெய்!"

"ஆமா டாக்டர். பதினாலு பேர்ல பன்னெண்டு பேருக்குக் காத்தடிச்சு காயவெச்சிருக்கு. பன்னெண்டும் போச்சு. ரெண்டு பேர் காத்து வேணாம்னாங்க. அது ரெண்டும் நிக்குது. பொருளும் ஒண்ணு, கையும் ஒண்ணு. வித்தியாசம் காத்து மட்டும்தான். கழுவின பல்லு மேல ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் படிஞ்சிருக்கு. எண்ணெய் மேல பசை எப்படி ஒட்டும்?"

"என் ரூமுக்கும் இதே காத்துதானே?"

"உங்க வெள்ளி பசையில நிக்கறதில்லையே. அடியில அகலமா, மேல குறுகலா பள்ளம் தோண்டி அடைக்கறீங்க. அது தானா மாட்டிக்கிட்டு நிக்கும். எண்ணெய் அதை ஒண்ணும் செய்யாது. உங்களோடது விழாததுதான் இந்தப் பொண்ணு மேல சந்தேகத்தைத் திருப்பிச்சு."

"ஆனா அது எண்ணெய் இல்லாம ஓடற கம்ப்ரசராச்சே! அதனாலதானே தேடி வாங்கினேன்!"

"எண்ணெய் ஊத்தக்கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கு. எழுத்து சுவர்ப்பக்கம் இருக்கு. ஊத்தினவருக்கு அது தெரியலை."

"ஊத்தினவர்" என்ற சொல்லைக் கேட்டதும் ஜெராக்ஸ் மருமகனின் தோள்மேல் கை வைத்தார். மருமகன் பயந்துபோய் அந்தக் கையைப் பார்த்தார்.

"கையை எடு மச்சான்" என்றார் சர்வேயர். "கெடுக்க வர்றவன் வேலை முடிஞ்சதும் மெஷினைத் துடைச்சு, தரையைப் பெருக்கிட்டுப் போகமாட்டான். மூடி காத்து கசியுதுன்னு புது வளையம் போட்டுட்டுப் போகமாட்டான். அது தையல் மெஷின்ல நூல் சுத்தற உருளைக்கு மாட்டுற வளையம். இதைச் செஞ்சவருக்கு யார் மேலயும் கோபம் இல்லை. மெஷின் கத்தறது யாருக்கோ தொந்தரவா இருக்குன்னு தெரிஞ்சு, தனக்குத் தெரிஞ்ச வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கார். வெள்ளிக்கிழமைவரைக்கும் எல்லாம் நல்லா இருந்துச்சு. திங்கட்கிழமை வெச்ச அடைப்பு விழுந்துச்சு. நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை." அவர் யாரையும் பார்க்கவில்லை. "எனக்கு அதுக்கு மேல சொல்லணும்னு இல்லை."

கழுவுதொட்டியில் ஒரு கிண்ணம் விழுந்து உருண்டது.

"எங்க வீட்டுக்காரருதான்" என்றார் உதவியாளர். வலது கை வாயை மூடியிருந்தது. உடைந்த பல்லை மறைத்த இருபது வருடப் பழக்கம். "நான்தான் கூட்டிட்டு வந்தேன். டாக்டரம்மாவுக்கு அந்தச் சத்தத்துல தலைவலி வருதுன்னு வீட்ல சொன்னேன். 'உன்னைச் சிரிக்க வெச்ச மகராசிக்கு நாம என்ன செஞ்சோம்'னாரு. ஞாயித்துக்கிழமை காலையில வந்து, வெயில்ல உக்காந்து, சுத்தமான மெஷின் எண்ணெயை ஊத்தி ஓட்டிப் பாத்தாரு. சத்தம் நின்னதும் ரெண்டு பேரும் கைதட்டினோம். சொன்னா பெருமை பேசுறமாதிரி இருக்கும்னு சொல்லலை. ஐயோ டாக்டரம்மா, ஒன்பது பேரு வந்து உங்களைத் திட்டினப்ப நான் பக்கத்துலயே நின்னேனே! எனக்கு உறைக்கவேயில்லையே!"

மருத்துவர் அவர் அருகில் போய், வாயை மூடியிருந்த கையைப் பிடித்து இறக்கினார். 

"அக்கா, அஞ்சு வருஷமா பல்லு பாக்கறேன். வலி போச்சுன்னா ஜனங்க போயிடுவாங்க, திரும்பிப் பாக்கமாட்டாங்க. அது சகஜம்தான். எனக்காக ஒருத்தர் லீவு நாள்ல வந்து வெயில்ல உக்காந்திருக்கார். அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கு. எண்ணெய் தப்பு, சரி. அவர் வந்தது தப்பா? இன்னிக்குச் சாயங்காலம் நான் உங்க வீட்டுக்கு வர்றேன். அவருக்கு நேர்ல நன்றி சொல்லணும்."

"கொஞ்ச நாளைக்கு எதையும் ரிப்பேர் பண்ணவேணாம்னும் சொல்லிடும்மா" என்றார் பெரிய டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "எச்சில் எச்சில்னு உன்னைக் கரிச்சுக் கொட்டினேன். ஒரு தடவைகூட அந்தக் காத்தை நான் சோதிச்சுப் பாக்கலை. சத்தம் ஏன் நின்னுச்சுன்னு கேக்கவேண்டியவன் நான். மன்னிச்சுக்கோ. நீ எங்கயும் போகவேணாம்" என்றார்.

மருமகன் முதன்முறையாக வாயைத் திறந்தார். "மாமா, நான் அப்பவே சொன்னேனே, எனக்கு இன்னொருத்தர் நாற்காலி வேணாம்னு. இவங்ககிட்டயே ஒரு வருஷம் கத்துக்கறேன்."

ஜெராக்ஸ் அவர் சட்டைத் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டார். "நான் முதல்லயே நினைச்சேன், தங்கமான பையன்னு."

வங்கி எழுத்தர் உறையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். தபால்தலை இருந்த மூலையை மட்டும் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டார். "எனக்கு எப்ப திரும்ப அடைப்பீங்க? ஒரு பக்கமாவே மென்னு மென்னு தாடை நோகுது."

படி இறங்கும்போது மருத்துவர் சர்வேயரின் பின்னாலேயே வந்தார். "சார், உங்களுக்கு நான் எப்படி…"

"எனக்கு எதுக்கும்மா? உன் கையைப் பிடிச்சு நிறுத்தினாரே அந்த டிரைவர், அவருக்குச் சொல்லு. அவரும் பொறுத்துக்கிட்டிருந்தா எனக்குப் பிடி கிடைச்சிருக்காது. அப்புறம் உனக்குச் சொல்லிக்கோ. கூச்சம்னு சொன்னவங்களை அதட்டாம ஒரு மணி நேரம் பஞ்சால ஒத்தினது நீதானே."

ஜூலை பதினேழாம் தேதி பழைய கம்ப்ரசரும் அதன் குழாய்களும் கழற்றப்பட்டுப் புதியவை பொருத்தப்பட்டன. எச்சரிக்கைச் சீட்டு முன்பக்கம் ஒட்டப்பட்டது. அந்த மாதம் முடிவதற்குள் பன்னிரண்டு பேருக்கும் மறுபடி அடைப்பு வைக்கப்பட்டது. மருமகன் ஆகஸ்டு முதல் பிற்பகல் வேளையில் வேலை பார்க்கிறார். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதிவரை அந்த மருத்துவமனையில் ஓர் அடைப்பும் விழவில்லை.